பள்ளிக்கூடத்துக்குப் பொருத்தம் பார்த்தவர்

கனடாவில், இந்த மொன்றியல் தீவில் உள்ள தனியார் பள்ளிக்கூடங்களின் குலம், கோத்திரம், நட்சத்திரம், தோஷம் அத்தனையும் அறிந்த மனிதர் ஒரேயொருவர்தான் இருக்கிறார். கல்வி அமைச்சரிடம் போய்க் கேட்டால்கூட, "கொஞ்சம் பொறுங்கள், அவரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்பார். அமைச்சருக்கு அவரைத் தெரியாது என்பது மட்டும்தான் ஒரு குறை. அவருடைய பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. தாய் தகப்பன் ஏதோ வைத்துத்தான் இருப்பார்கள். எங்கள் எல்லோருக்கும் அவர் பொருத்தம் அண்ணை.

ஒரு காலத்தில் அவர் கலியாணத் தரகர். மொன்றியலில் பெண், ரொறொன்ரோவில் மாப்பிள்ளை, பாரிஸில் தாய்மாமன் என்று மூன்று மூலையையும் தொலைபேசியிலேயே இழுத்து முடிச்சுப் போட்டவர். பிறகு காலம் மாறிவிட்டது. ஒருநாள் ஒரு பெண்ணுக்கு வரன் கொண்டுபோனாராம். அந்தப் பெண் தன் வரனைக் கையோடு கூட்டிவந்து, அவனைக் கொண்டே அண்ணைக்குத் தேத்தண்ணி கொடுப்பித்தாளாம். வேறொருவர் என்றால் அன்றைக்கே மனமுடைந்து போயிருப்பார். அண்ணை தேத்தண்ணி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அடுத்த தொழிலை யோசித்துக்கொண்டே படியிறங்கியிருக்கிறார்.

"பிள்ளையள் மாப்பிள்ளையைத் தாங்களே பாக்குதுகள் தங்கச்சி. நல்லது, பாக்கட்டும். ஆனால் பள்ளிக்கூடத்தை இன்னும் தாய்தேப்பன்தானே பாக்குது? அதுவும் என்னத்தைப் பாத்து? பிளேசர்ர நிறத்தைப் பாத்து!"

உண்மைதான். பிள்ளை ஆறாம் வகுப்பு முடிக்கிற வருடம் வந்தால் எங்கள் சனத்துக்கு ஒருவித காய்ச்சல் வரும். எந்தக் கல்லூரி, எந்த நுழைவுப் பரீட்சை, யாருடைய மகன் எங்கே போகிறான் என்று வீட்டுக்கு வீடு அதே கதை. அந்தப் பள்ளிக்கூடங்களை யார் போய்ப் பார்க்கிறார்கள், பார்த்தவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. இங்கே தனியார் பள்ளிக்கூடம் நடத்துவதற்கு அரசாங்க அனுமதி வேண்டும். அதைப் புதுப்பிக்கும் நேரத்தில் வெளியாட்கள் போய்ப் பார்ப்பார்கள். ஆசிரியர்களுக்குத் தகுதி இருக்கிறதா, பாடங்களுக்கு வேண்டிய மணித்தியாலம் கொடுக்கிறார்களா, கட்டடம் எப்படி, பின்தங்கிய பிள்ளைக்கு என்ன உதவி என்றெல்லாம் பார்த்து ஓர் அறிக்கை எழுதுவார்கள். அதை யாரும் எடுத்து வாசிக்கலாம். ஆனபடியால் ஒருவரும் எடுத்து வாசிப்பதில்லை.

பொருத்தம் அண்ணை வாசிப்பித்தார். வாசித்தார் என்று நான் எழுதவில்லை, கவனியுங்கள். "எனக்குப் பிரெஞ்சு வராது. எந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பாக்கிறமோ, அந்தப் பிள்ளை வாசிச்சுத் தமிழில சொல்லோணும்." இது அவருடைய சட்டம். தாய் வாசிக்கிறேன் என்றாலும் விடமாட்டார், பட்டம் படித்த மாமன் வாசிக்கிறேன் என்றாலும் விடமாட்டார். "கட்டப்போறவளுக்கு மாப்பிள்ளையின்ர குறை தெரியோணும். மாமனுக்குத் தெரிஞ்சு என்ன பிரயோசனம்?"

ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பூசை முடிந்ததும் எங்கள் தேவாலயத்து நிலக்கீழ் மண்டபத்தில் தேத்தண்ணியும் பற்றீஸ் பலகாரமும் கொடுப்பார்கள்; அங்கே ஹீட்டருக்குப் பக்கத்துக் கதிரைதான் அவருடைய கந்தோர், அலுவலகம். அவர் சைவக்காரர். "பூசைக்கு வராமல் பற்றீசுக்கு மட்டும் வாறியளே அண்ணை" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் கொஞ்சமும் அசையவில்லை. "கடவுளை எனக்கு முதலே தெரியும் தங்கச்சி. உங்கட சனத்தைத்தான் இன்னும் வடிவாய்த் தெரியாது" என்று சொல்லி அடுத்த பற்றீசை எடுத்தார்.

அறிக்கைகளை அவர் கொண்டுவருவது ஒரு சிவப்புப் பையில். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பீட்சா கொண்டுபோய்க் கொடுத்த காலத்துப் பை, சூடு ஆறாமல் இருப்பதற்குத் தடிப்பான துணி வைத்துத் தைத்தது. ஏன் அண்ணை இந்தப் பை என்றால், "செய்தி ஆறக்கூடாது" என்பார்.

அந்த அறிக்கைகளை அவர் விளங்கிக்கொண்ட விதத்தைத்தான் நான் சொல்ல வேண்டும். தரகு வேலையில் அவர் பல வருடம் படித்தது ஒரே ஒரு மொழி, மரியாதையாகக் குறை சொல்லுகிற மொழி. மாப்பிள்ளை இப்போது வேலை மாறுகிற யோசனையில் இருக்கிறார் என்றால் வேலை இல்லை. பெண் வீட்டுக்கு ஒரே செல்லம் என்றால் முட்டை பொரிக்கத் தெரியாது. இதே காதோடு அவர் அறிக்கையைக் கேட்பார். 'நூலகத்தை மேம்படுத்த நிர்வாகம் திட்டமிட்டுள்ளது' என்று பிள்ளை வாசிக்கும். "நூலகம் இல்லை" என்பார் அண்ணை. 'இம்முயற்சியைத் தொடருமாறு பாடசாலை ஊக்குவிக்கப்படுகிறது' என்று வாசிக்கும். "இன்னும் தொடங்கேல்லை." 'கடந்த முறை சுட்டிக்காட்டப்பட்டவை திருத்தப்பட்டிருப்பதைக் கண்டு மகிழ்கிறோம்.' இந்த வரி வந்தால் அண்ணை நிமிர்ந்து உட்காருவார். "ஆ! போன முறை நல்ல ஏச்சு வாங்கியிருக்கினம். வாங்கித் திருந்தியும் இருக்கினம். இதை ஒரு பக்கத்தில வையுங்கோ."

குறையே இல்லாத அறிக்கையைக் கண்டால் திரும்பவும் முதல் பக்கத்தில் இருந்து வாசிக்கச் சொல்லுவார். "குறையே இல்லாத வரன் ஒண்டுக்கு நான் ஒருக்கால் சம்பந்தம் பேசினனான் தங்கச்சி. கலியாணத்துக்கு முதல் நாள் அவன்ர பெண்சாதி வந்து நிண்டவள்."

எப்போதும் சரியாகத்தான் சொன்னார் என்று நான் எழுதினால் அவரே கோபிப்பார். ஒரு குளிர்காலம் முழுவதும் அவர் இந்தத் தீவில் இருந்த பள்ளிக்கூடங்கள் அத்தனையையும் தள்ளிவிட்டார். எந்தப் பிள்ளை எந்த அறிக்கையை எடுத்து வாசித்தாலும் கடைசிப் பக்கத்தில் தலையை ஆட்டுவார். "வேண்டாம். இது சரிவராது." காரணம், முடிவில் ஒரு வரி இருந்தது. பாடசாலை சட்டத்தில் சொல்லப்பட்ட சகல கடமைகளையும் தொடர்ந்து நிறைவேற்ற வேண்டும் என்று. "எங்கட ஆக்களுக்குள்ள ஒரு பெடியனைப் பற்றி 'இனியும் ஒழுங்காய் இருக்கோணும்' எண்டு ஒருத்தர் எழுதினால் என்ன அர்த்தம்? எங்கையோ பிடிபட்டிருக்கிறான்!"

தாய்மார் பயந்துபோனார்கள். கடைசியில் பக்கத்து ஊரான லவாலில் இருந்து செல்வி வந்தாள். இரட்டைப் பிள்ளைகளின் தாய், ஒன்றுக்கு ஒரு பள்ளிக்கூடம், மற்றதுக்கு வேறொன்று பார்த்துக்கொண்டிருந்தவள். இரண்டு அறிக்கைகளையும் கடைசிப் பக்கத்தில் மடித்து அவருடைய மடியில் வைத்தாள்.

"அண்ணை, இந்தப் பள்ளிக்கூடமும் பிடிபட்டிருக்கு. அந்தப் பள்ளிக்கூடமும் பிடிபட்டிருக்கு. எழுத்துக்கு எழுத்து ஒரே வசனம். தீவு முழுக்கக் கள்ளர் எண்டால் பொலிசுக்குப் போன் அடியுங்கோ, என்ர பிள்ளையளைப் பயப்படுத்தாதையுங்கோ."

அண்ணை ஒரு தேத்தண்ணி முழுவதையும் குடித்து முடித்தார். பிறகு சொன்னார், "கலியாணக் கார்ட்டில 'உற்றார் உறவினர் சகிதம் வருக' எண்டு போடுறது போல. எல்லாக் கார்ட்டிலயும் கிடக்கும். அதைப் பாத்து நான் குடும்பம் பெரிசு எண்டு நினைச்சுப்போட்டன்."

அதோடு விட்டிருந்தால் அவர் சாதாரண மனிதர். அடுத்த கிழமை முழுவதும், பனி உருகித் தெருவெல்லாம் சேறாகக் கிடந்த நாட்களில், பஸ் ஏறி ஒவ்வொரு வீடாகப் போனார். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "நான் சொன்னது பிழை. உங்கட பள்ளிக்கூடத்தில பழுதில்லை" என்று சொல்லிவிட்டு வந்தார். ஒருவர் நன்றாக ஏசியிருக்கிறார். நின்று கேட்டுவிட்டு வந்தார். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்ட தரகரை இந்த உலகத்தில் நான் அவரைத் தவிர வேறு கண்டதில்லை.

"ஏன் அண்ணை இந்தச் சேத்துக்குள்ள? ஒரு போன் அடிச்சுச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"கலியாணத்தில நான் பிழை விட்டால் கட்டினதுகள் சண்டை பிடிச்சுத் தீர்த்துக்கொள்ளுதுகள். பள்ளிக்கூடத்தில பிழை விட்டால் பிள்ளை வாய் திறக்காமல் போய்வரும் தங்கச்சி. அதுதான் பொல்லாதது."

அதன் பிறகு அவர் ஓர் அறிக்கையைத் தனியாகத் தொடுவதில்லை. இந்தப் பள்ளிக்கூடத்தின் பழைய அறிக்கை ஒன்று, இன்னொரு பள்ளிக்கூடத்தின் அறிக்கை ஒன்று, இரண்டும் பக்கத்தில் இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் இருக்கிற வரியைத் தள்ளிவிட்டு, இதில் மட்டும் இருக்கிற வரியைப் பிடிப்பார்.

அதுவும் காணாது, ஆளைப் பார்க்க வேண்டும் என்பார். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் வாசல் கேற்றுக்கு எதிர்ப்புறம் போய் நின்று, பிள்ளைகள் எப்படி வெளியே வருகிறார்கள் என்று பார்ப்பது அவருடைய வழக்கம். காதுவரை மூடிய பெரிய கோட்டு, கையில் சிவப்புப் பை. ஒருநாள் காவலாளி வந்து கையைப் பிடித்திருக்கிறான். பையைப் பார்த்தான், முகம் மலர்ந்தது, நேரே உள்ளே கூட்டிக்கொண்டு போய் ஆசிரியர்களின் அறையில் விட்டுவிட்டான். அங்கே அவர்கள் வெகுநேரமாகப் பீட்சாவுக்குக் காத்திருந்திருக்கிறார்கள்! ஒருவர் ஓடிவந்து பையைத் திறந்தார். உள்ளே அவர்களுடைய பள்ளிக்கூடத்தின் அறிக்கை.

"என்ன அண்ணை செய்தவை?"

"ஒருத்தர் வாசிச்சார். வாசிச்சுப்போட்டு மற்றவரிட்டைச் சொல்லுறார், 'இஞ்ச பார், எங்கட ஆய்வுகூடத்தில காத்தோட்டம் இல்லையாம், அதுதான் எனக்குத் தலையிடி.' மற்றவர் சொல்லுறார், 'உனக்குத் தலையிடி வாறது பசியில.' தங்கச்சி, தங்களைப் பற்றி எழுதினதை அவை அண்டைக்குத்தான் முதல்முதல் பாக்கினம். இந்தப் பள்ளிக்கூடம் வேண்டாம் எண்டு முதல் நினைச்சனான். பேந்து பாத்தால், பீட்சா இல்லை எண்டு தெரிஞ்சும் எனக்கு ஒரு கோப்பி போட்டுத் தந்தவை. நல்ல சனம்."

நான் வயிறு நோகச் சிரித்தேன். பிரெஞ்சு வராத மனிதருக்கு அந்த இரண்டு ஆசிரியர்களின் பகிடி எப்படி விளங்கியது என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

அடுத்த வருடம் காய்ச்சல் எங்கள் வீட்டுக்கு வந்தது. மகள் ஆரணி ஆறாம் வகுப்பு.

ஆரணிக்குக் கதைக்கும்போது சொல் திக்கும். தமிழிலும் திக்கும், பிரெஞ்சிலும் திக்கும். தம்பியோடு சண்டை பிடிக்கும்போது மட்டும் ஆறு போல ஓடும். அந்த வருடம் அவள் வகுப்பில் கை உயர்த்துவதை விட்டுவிட்டாள். தெருமூலை டெப்பனர் கடைக்குப் போனால் வேண்டிய சாமானை விரலால் காட்டுவாள். ஆசிரியை என்னிடம், "மிகவும் அமைதியான பிள்ளை" என்று பாராட்டாகச் சொன்னபோது எனக்குப் பொருத்தம் அண்ணையின் காது வந்துவிட்டது. அமைதியான பிள்ளை என்றால் பேசப் பயந்த பிள்ளை. புதிய பள்ளிக்கூடத்தில் ஐந்து வருடம் இருக்க வேண்டும். ஐந்து வருடமும் இவள் இப்படியே விரலால் காட்டிக்கொண்டு இருந்துவிடுவாளோ என்பதுதான் என் பயம்.

என் கணவர் டவுன்டவுனில் ஒரு சாப்பாட்டுக்கடைச் சமையற்காரர். மலையடிவாரத்தில் கோபுரம் வைத்த கல்லுக் கட்டடத்தில் இருக்கும் பெரிய பள்ளிக்கூடத்தில் அவருக்குக் கண்.

"இருக்கிறதிலயே திறம் அதுதான். அறிக்கையும் திறம், முழு அனுமதியும் குடுத்திருக்கு. நீர் ஏன் யோசிக்கிறீர்?"

நான் கேள்விப்பட்டிருந்தது நகரின் வடக்கே அஹுன்ட்சிக்கில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். அதன் அறிக்கையில் மூன்று வருடத்துக்கு மட்டும் அனுமதி. இரண்டு ஆசிரியர்களுக்குக் கற்பிக்கும் பத்திரம் முழுமையாக இல்லை என்று எழுதியிருந்தது.

"மூண்டு வருஷமோ? பாண் வாட்டுற ரோஸ்டருக்கே அதைவிடக் கூட வருஷம் வாரண்டி தாறாங்கள்!" என்றார் கணவர்.

பொருத்தம் அண்ணையைக் கூப்பிட்டேன். அவர் காசு வாங்குவதில்லை. இடியப்பமும் சொதியும் போதும். மேசைக்கு வந்து, பையைத் திறந்து, இரண்டு அறிக்கைகளையும் ஆரணிக்கு முன்னால் வைத்தார். மேசைக்குக் கீழே மகன் நிலவன் கார் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"எனக்குப் பிரெஞ்சு வராது பிள்ளை. நீர் வாசியும்."

ஆரணி என்னைப் பார்த்தாள். நான் வாசிக்கிறேன் என்று வாயெடுத்தேன். அண்ணை கையை உயர்த்தி, "தங்கச்சி, கொஞ்சம் சொதி விடுங்கோ" என்றார்.

அவள் தொடங்கினாள். முதல் வரியிலேயே ஒரு சொல் பிடித்துக்கொண்டது. கணவர் அந்தச் சொல்லைத் தானே சொல்லிவிடப் போனார். அண்ணை, "தம்பி, இந்தச் சம்பலுக்கு என்ன போட்டனீங்கள்?" என்று கேட்டார். சமையற்காரரிடம் சம்பலைப் பற்றிக் கேட்டால் வேறு எதுவும் நினைவில் நிற்காது. அவர் சம்பலைப் பற்றிச் சொல்லி முடிக்க, ஆரணியும் அந்தச் சொல்லைச் சொல்லி முடித்தாள். அன்றைக்கு எங்கள் வீட்டுச் சம்பலின் வரலாறு முழுவதும் வெளியே வந்தது.

பெரிய பள்ளிக்கூடத்தின் அறிக்கை எல்லாம் புகழ்ச்சி. ஆய்வுகூடம் புகழ்ச்சி, இசை அறை புகழ்ச்சி. கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் ஆரணி கொஞ்சம் வேகமாக முடித்துத் தாளைக் கவிழ்த்தாள்.

அண்ணை இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டே, "எனக்கென்னவோ நடுவில ஒண்டு கீழ விழுந்த மாதிரி இருக்கு. மூச்சு விடாமல் போனீர் எல்லே. ஆறுதலாய்ப் பாரும்" என்றார்.

ஆரணி தாளைத் திருப்பினாள். காதுகள் சிவந்துவிட்டன. திக்கித் திக்கி அந்த வரியை வாசித்தாள். சிறப்பு உதவி தேவைப்படும் மாணவர்கள் பொதுவாக வெளிச் சேவைகளுக்கு அனுப்பப்படுகிறார்கள்.

இந்த ஒரு வரிக்கு மட்டும் அண்ணை அர்த்தம் சொல்லவில்லை. "சரி, மற்றதை வாசியும்" என்றார்.

சின்னப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு அறிக்கைகள், பழையது ஒன்று, புதியது ஒன்று. பழையதில் பின்தங்கிய பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லை என்று குறை. புதியதில் முழுநேரமும் ஓர் ஆளை வைத்திருப்பதைக் கண்டு மகிழ்கிறோம் என்று இருந்தது. அண்ணை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏச்சு வாங்கித் திருந்தியிருக்கினம்" என்றாள் ஆரணி, அவர் சொல்வதற்கு முன்பே.

"பாத்தியளோ! என்ர தொழிலுக்கு ஆபத்து" என்றார் அண்ணை. "ஆனால் இது சாதகக் குறிப்பு மட்டும்தான். ஆளைப் பாக்கோணும்."

பள்ளிக்கூடங்கள் வாசலைத் திறந்து எல்லோரையும் வந்து பார்க்கவிடும் நாட்கள் வந்தன. முதலில் கல்லுக் கட்டடம். அதிபர் நல்ல மரியாதையான மனிதர், அவருக்குப் பின்னால் வரிசையில் ஒரு நூறு தாய் தகப்பன் நின்றார்கள். அண்ணை தமிழில் கேள்வி கேட்டார், ஆரணி பிரெஞ்சில் சொல்லத் தொடங்கினாள். சொல் பிடித்தது. அதிபர் புன்னகையோடு அந்தச் சொல்லைத் தானே எடுத்துக் கொடுத்தார். அடுத்ததையும் எடுத்துக் கொடுத்தார். பிறகு முழுக் கேள்வியையும் அவரே கேட்டு, அவரே பதிலும் சொல்லி, என் கணவரின் கையைக் குலுக்கி, வழவழவென்று ஒரு கையேட்டைத் தந்தார். அவர் கேட்ட கேள்வி அண்ணையின் கேள்வியே இல்லை.

"நல்ல மனுசன்" என்றார் அண்ணை வெளியே வந்து. "பாவம், நேரமில்லை."

அடுத்தது அஹுன்ட்சிக். அங்கே அதிபர் ஒரு பெண்மணி, பனிச் சப்பாத்தோடு நின்றார். அண்ணை ஆரணியிடம் சொன்ன முதல் கேள்வியைக் கேட்டு எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல் இருந்தது.

"அந்த ரெண்டு வாத்திமாருக்கும் பேப்பர் இல்லையாமே, அவை இன்னும் இஞ்சதான் இருக்கினமோ எண்டு கேளும்."

ஆரணி தொடங்கினாள். இரண்டாவது சொல்லிலேயே பிடித்துக்கொண்டது. பின்னால் பிள்ளைகள் ஓடினார்கள், மணி அடித்தது, யாரோ அதிபரைக் கூப்பிட்டார்கள். அந்தப் பெண்மணி திரும்பவில்லை. ஆரணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அவசரம் என்ற ஒன்றையே அறியாதவர் போல் நின்றார். என் கணவர் வாயைத் திறந்தார். சம்பலைப் பற்றிக் கேட்க அண்ணைக்கு நேரம் இருக்கவில்லை, காலை மிதித்துவிட்டார்.

ஆரணி கேட்டு முடித்தாள். அதிபர் அவளுக்குத்தான் பதில் சொன்னார், எங்களுக்கு அல்ல. ஒருவர் பத்திரம் எடுத்துவிட்டார், மற்றவர் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார், அடுத்த முறை பார்க்க வருகிறவர்கள் இதைத்தான் முதலில் கேட்பார்கள், எனக்கும் பயம்தான் என்றார்.

அண்ணைக்குக் குளிர்விட்டுப் போய்விட்டது. அவசர வெளியேற்றப் பயிற்சி ஏன் ஒன்று குறைந்தது? நூலகத்தில் கூரை ஒழுகுகிறதாமே, புத்தகத்தின் மேலா, பிள்ளைகளின் மேலா? ஒவ்வொன்றாகக் கேட்க, ஆரணி ஒவ்வொன்றாகச் சொன்னாள். திக்கல் நிற்கவில்லை. ஆனால் அவள் நிற்கவில்லை. கடைசியில் அண்ணை, "மத்தியானச் சாப்பாட்டுக்கு உறைப்பு இருக்குமோ?" என்று கேட்கச் சொன்னபோது இரண்டு பேரும் சேர்ந்து சிரித்துவிட்டார்கள்.

பஸ் தரிப்பில் நின்றபோதும் என் கணவர் தன் பிடிவாதத்தில் இருந்து இறங்கிவரவில்லை.

"எல்லாம் சரி அண்ணை. ஆனால் மூண்டு வருஷ அனுமதி. பேப்பர் இல்லாத வாத்தி. இதுக்குள்ள பிள்ளையை விடலாமோ?"

அண்ணை பையை இந்தக் கையில் இருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"தம்பி, உங்களுக்கு முதல்ல இந்த நாட்டில இருக்கிறதுக்கு என்ன பேப்பர் தந்தவை?"

கணவர் பஸ் வருகிற திசையைப் பார்த்தார்.

"எனக்குத் தந்ததும் தற்காலிகப் பேப்பர்தான். ஒழுங்காய் இருக்கிறானோ எண்டு பாத்துப் பாத்து நீட்டினவை. அந்த நேரம் நாங்கள் எவ்வளவு ஒழுங்காய் இருந்தம் எண்டு யோசியுங்கோ. பேப்பர் குறைஞ்சவை எல்லாம் கூடாதவை எண்டால், இந்த பஸ் தரிப்பில ஆர் மிச்சம்?"

பஸ் வந்தது. கணவர் ஏறி உட்கார்ந்தார். பிறகு ஆரணியின் பக்கம் திரும்பி, "உமக்கு எது?" என்று கேட்டார். அவள் சொல்லும்வரைக்கும் காத்திருந்தார். அவர் அப்படிக் காத்திருந்ததை நான் அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன்.

ஆரணி அஹுன்ட்சிக்குக்குப் போனாள். அந்தக் கூரை இன்னும் ஒழுகுகிறதாம், புத்தகத்தின் மேல்தான்.

அதற்குப் பிறகு ஒரு மழை நாளில் பால் வாங்க டெப்பனருக்குப் போனேன். உள்ளே யாரோ கடைக்காரரோடு ஹொக்கிப் போட்டியைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். கொழுத்த கெபெக் பிரெஞ்சு, இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் கோபத்தில் சொல்கிற சொற்களும் நடுவில் விழுந்தன. எட்டிப் பார்த்தேன். பெரிய கோட்டு, சிவப்புப் பை.

நான் சிப்ஸ் அடுக்கிய அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்து நின்று, அவர் போன பிறகுதான் வெளியே வந்தேன். பாலை மறந்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

"ஆரணி! பொருத்தம் மாமாவுக்குப் பிரெஞ்சு வரும்! எங்களை விட நல்லாய் வரும்!"

அவள் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே, "தெரியும் அம்மா" என்றாள்.

"எப்ப தெரியும்?"

"முதல் நாளே. நான் அந்த வரியை வேணுமெண்டுதான் விட்டனான். என்னை... என்னை மாதிரி ஆக்களைப் பற்றின வரி. பிரெஞ்சு தெரியாட்டி, விட்டது அவருக்கு எப்பிடித் தெரியும்?"

"பேந்து ஏன் நீ ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சொன்னால் அடுத்த பிள்ளைக்கு ஆர் வாசிக்கக் குடுப்பினம்?"

இந்த வருடம் நிலவன் ஆறாம் வகுப்பு. போன ஞாயிற்றுக்கிழமை அண்ணை வந்தார். இடியப்பம் வைத்தேன். பையைத் திறந்து இரண்டு அறிக்கைகளை எடுத்து வைத்தார். நிலவன் வாய் ஓயாதவன், திக்கல் ஒன்றும் இல்லை, ஆனால் சோம்பேறி.

"எனக்கேன் இதைத் தாறியள்? அவரையே வாசிக்கச் சொல்லுங்கோ" என்றான்.

எனக்கும் என் கணவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆரணி சொதிக் கிண்ணத்தோடு குசினியில் இருந்து வந்து, தம்பியின் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

"வடிவாய் வாசி. மாமாவுக்குப் பி... பி..."

நிலவன் தாளைப் பார்த்தபடி பேசாமல் இருந்தான். கணவர் சம்பலைப் பிசைந்தார். அண்ணை இடியப்பத்தில் கை வைத்தபடி, இந்த உலகத்தில் வேறு வேலையே இல்லாதவர் போல, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொதி ஆறிக்கொண்டிருந்தது, யாருக்கும் அவசரமில்லை.

"...பிரெஞ்சு வராது" என்றாள் ஆரணி.